கழியும் எக்கரும்: நெய்தற் சொற்பொருள் பற்றிய ஓர் ஆய்வு

முல்லையைக் காட்டானும், குறிஞ்சியை மலையானும், மருதத்தைப் புனலானும் சுட்டிய தொல்காப்பியர், நெய்தலைச் சுட்டுமிடத்துப் பெருமணல் என்னுஞ் சொல்லை ஆண்டனர். கடல் என்னாது மணலை முன்னிறுத்திய இவ்வாட்சி சிந்தித்தற்குரியது. சங்கச் செய்யுட்கள் அந்நிலத்தின் கூறுகளைக் கழி, கானல், எக்கர், அடைகரை, துறை எனப் பல சொற்களாற் பகுத்துரைக்கின்றன. ஆனால் நம் அகராதிகளிலும் வகுப்பறைக் குறிப்புக்களிலும் இவை பெரும்பாலும் கடற்கரை, கடற்கரைச் சோலை, மணல்மேடு என்னும் பொதுச் சொற்களுள் ஒடுங்கிவிடுகின்றன. இச்சொற்கள் ஒன்றற்கொன்று மாற்றாக நிற்பன அல்ல. கடலும் காற்றும் ஆறும் செய்யும் தொழிலால் உண்டாகும் தனித்தனி இடங்களைக் குறிப்பன என்பதே யாம் ஈண்டுக் காட்டக் கருதுவது.

எக்கரை முதற்கண் நோக்குவோம். சோழமண்டலக் கரையில் அலைகள் பெரும்பாலும் சாய்வாக வந்து மோதுகின்றன. அதனால் மணல் ஓரிடத்துத் தங்காது கரையை ஒட்டி நகர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் தெற்கு நோக்கியும் அது செல்லும்; இரண்டனையும் கூட்டிக் கழித்துப் பார்க்கின் வடக்கு நோக்கிச் செல்வதே மிகுதி. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த பின்னர்த் தெற்கே மெரினாக் கடற்கரை அகன்றதும், வடக்கே இராயபுரம் பகுதியில் கடல் நிலத்தை அரித்ததும் இவ்வோட்டம் மறிக்கப்பட்டமையின் விளைவே. அலை கரையில் ஒதுக்கிய மணலைக் காற்று உள்ளே கொண்டுசென்று குவிக்குமிடத்து எக்கர் உயர்கிறது.

காற்றுக் குவித்ததைக் காற்றே கலைத்தலும் கூடும். அதனைத் தடுத்து நிறுத்தும் முதற்கொடி அடும்பு. மணல் மேலே மூட மூட, இக்கொடி கணுதோறும் வேரூன்றிப் படர்ந்து செல்லும். குறுந்தொகையின் 243ஆம் செய்யுள் இதன் பிளவுபட்ட இலையை மானின் அடிக்கு உவமிக்கிறது. மேலைத் தாவர நூலார் இதற்கு இட்ட இலத்தீன் பெயரும் ஆட்டின் அடி என்றே பொருள்படும். ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள் ஒரே இலையில் ஏறத்தாழ ஒரே வடிவைக் கண்டமை வியப்புக்குரியது. தலைவனது தேர்ச் சக்கரம் அடும்பின் கொடியை அறுத்துச் செல்வதாகச் செய்யுட்கள் கூறுமிடத்து, அதனைத் தேரின் விரைவுக்கு அடையாளமாக மட்டுமே நாம் பாடஞ் சொல்லி வருகிறோம். கொடி அறுந்த இடத்தில் மணல் இளகும் என்பதை அறிந்த பரதவர் மகளுக்கு அக்காட்சி வேறொன்றையும் உணர்த்தியிருத்தல் கூடும். இஃது எம் கருத்தேயன்றி உரைமரபு அன்று.

இனி, சொற்பொருள் மயக்கம் மிகுந்த இரு பெயர்களைக் காண்போம். கண்டல் என்பதற்குத் தாழை, முள்ளி என்னும் பொருள்களையும் அகராதிகள் தருகின்றன. இம்மயக்கத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நற்றிணை 207இல் கண்டல் வேலியாகக் கூறப்படுகிறது. குறுந்தொகை 245இல் தாழை வேலியாகக் கூறப்படுகிறது. தொழில் ஒன்றாயினமையின் பொருளும் ஒன்றெனக் கொண்டனர் போலும். ஆயின் இடம் வேறு. நற்றிணைச் செய்யுளில் கண்டலை அடுத்துக் கழி சூழ்ந்து நிற்கிறது. கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்கும் உவர்ச்சேற்றில் வேரூன்றி நிற்க வல்லது அலையாத்தி இனத்து மரமே. தாழையோ மணற்பாங்கினை விரும்புவது. எனவே ஈண்டுக் கண்டலைத் தாழை எனக் கொள்ளுதல் பொருந்தாது.

முண்டகம் என்பதற்குத் தாமரை என்னும் பொருளே பிற்காலத்துப் பெருவழக்கு. நற்றிணையின் அதே செய்யுளில் முண்டகத்தாற் குடிசை வேயப்படுகிறது. தாமரை கூரைக்கு உதவாது என்பது வெளிப்படை. இதனினும் வலிய சான்று கலித்தொகையின் 133ஆம் பாடலின் தொடக்கத்தில் உள்ளது. ஆங்கு முண்டகமும் தில்லையும் ஒருங்கே நின்று, கானல் சார்ந்த உயர்ந்த மணல் எக்கரை அழகு செய்கின்றன. தில்லை என்பது பாலுடைய மரம். அப்பால் கண்ணிற் பட்டாற் பெருந்தீங்கு செய்யும். அலையாத்திக் காட்டில் நீர் மிகுதியாக ஏறும் பகுதியை விடுத்து, நிலத்தை நோக்கிய மேட்டு விளிம்பிலே அது வளர்வது இயல்பு. நல்லந்துவனார் தில்லையைச் சேற்றில் நிறுத்தாது எக்கரில் நிறுத்தியது அவ்வியல்புக்கு முற்றும் ஒத்துள்ளது. அதனோடு சேர்ந்து வரும் முண்டகம் கழிமுள்ளியே எனத் துணியலாம். சிதம்பரத்திற்குப் பெயர் தந்த தில்லை மரத்தைக் காண இன்று அந்நகரை விட்டுக் கிழக்கே பிச்சாவரத்திற்குச் செல்லவேண்டியுள்ளது.

முதுகலை மாணவரோடு அக்காட்டிற்கு யாம் சென்றிருந்தபோது, வளைந்த தாங்குவேர்களோடு நீரில் நின்ற மரத்தைப் படகு வலித்த முதியவர் 'சுரபுன்னை' என்றார். மாணவர் ஒருவர் உடனே குறிப்பேட்டில் 'வழை' என எழுதினார். வழை என்பதற்கு உரைகாரர் சுரபுன்னை எனப் பொருள் கூறுவராதலின் அவர் அவ்வாறு எழுதியதிற் பிழை காண்டற்கில்லை. ஆயினும் வழை மலைமரம். படகுக்காரர் சொன்னதும் உண்மை, உரைகாரர் சொன்னதும் உண்மை; பெயர் மட்டும் மலையிலிருந்து கழிக்கு இறங்கியிருக்கிறது. ஆதலின் வழக்குச் சொல்லொன்றையே கொண்டு பழஞ்செய்யுளுக்குப் பொருள் துணிதலும் இடர் தருவதே.

கழி என்னுஞ் சொல்லின் உயிர் நீரோட்டத்தில் உள்ளது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரக் காடு முன்பு பகுதி பகுதியாக முற்றும் வெட்டப்பட்டு வந்தது. மரம் நீங்கிய சேற்று நிலம் வெயிலிற் காய்ந்து, தாழ்ந்து, தொட்டி போல் ஆயிற்று. ஏறிய கடல்நீர் இறங்க வழியின்றித் தேங்கி வற்ற, உவர் அளவு கடந்தது. கண்டல் மீண்டும் முளைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அந்நிலத்தில் மீன்முள் போன்று கிளைக்கும் வாய்க்கால்களை வெட்டி, நீர் ஏறி இறங்க வழி செய்தபின் கன்றுகள் நிலைத்தன. நீர் ஏறி இறங்காத கழி வெறுங் குட்டையே. 'உப்பங்கழி' என்று மட்டும் பொருளெழுதி அமையும் அகராதி உப்பைக் கூறியது, ஓட்டத்தைக் கூறவில்லை.

2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், கடலூர் மாவட்டத்தில் மரங்களின் பின்னிருந்த ஊர்கள் குறைந்த சேதமே உற்றன என்னும் ஆய்வு 2005இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. ஊர் இருந்த மேட்டின் உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவுமே பெரிதும் காரணம் எனப் பிறர் மறுத்தனர். இவ்வழக்கைத் தீர்த்தல் எம் துறை அன்று. ஆனால் மறுப்பாளர் கூற்று எக்கரின் மதிப்பை உயர்த்துகிறது என்பது கருதத்தக்கது. அவ்வாறிருந்தும், அடுத்த ஆண்டுகளில் அரண் அமைப்பதாகக் கருதி, சில இடங்களில் இயற்கை மேடுகளைச் சமன்செய்து சவுக்கு நட்டனர். அடும்பும் இராவணன் மீசைப் புல்லும் இருந்த இடத்தைச் சவுக்கின் நிழலும் சருகும் கொண்டன.

1991, 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் மூன்று. அவற்றுள் இறுதியது மணற்குன்றுகளையும் அலையாத்திக் காடுகளையும் மிகுந்த காப்புக்குரிய முதல் வகுப்பில் வைத்துள்ளது. ஆனால் ஊர்க் கணக்கில் எக்கருக்கு உரிய பெயர் பெரும்பாலும் புறம்போக்கு. ஒரே மணலுக்கு ஒரு தாள் காப்பு என்றும், மற்றொரு தாள் வெற்றிடம் என்றும் பெயரிடும்போது, வரைபடம் வரைவோர் எக்கர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எதனைக்கொண்டு துணிவர்? அடும்பு படர்ந்த முகப்பு, தாழையும் புன்னையும் நிற்கும் கானல், அதன் பின்னர்க் கண்டல் சூழ்ந்த கழி என இடத்தை அடையாளங் காட்டும் சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றை நிலத்தின்மேல் வைத்துப் பார்த்து, முண்டகம், கண்டல் ஆகிய சொற்களுக்கேனும் அகராதியில் நெய்தற் பொருளை முதற்பொருளாக நிறுத்துதல் தமிழ்த்துறைகள் செய்யக்கூடிய பணி. கானலில் அடிக்கடி பேசப்படும் ஞாழல் எம்மரம் என்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமைப்பாடு இல்லை. அதனைப் பிறிதொரு கட்டுரையில் ஆராய்வோம்.