முதல் பத்து வாடிக்கையாளர்கள்

தொழில் தொடங்கக் கடன் கேட்டு வருவோர் பலரும் இயந்திரத்தின் விலை, மூலப்பொருள் செலவு, மாதத் தவணை ஆகியவற்றைத் துல்லியமாகக் கணக்கிட்டு வருகின்றனர். “உங்கள் முதல் பத்து வாடிக்கையாளர்கள் யார்?” என்று கேட்டால் மட்டும் தயங்குகின்றனர். பிற்காலத்தில் தவணை தவறுவதற்கான விதை பல நேரங்களில் அத்தயக்கத்திலேயே இருக்கிறது.

குஜராத் அரசுப் பணியில் வேதியியலாளராக இருந்த கர்சன்பாய் படேல், 1969-ஆம் ஆண்டு தம் வீட்டிலேயே சலவைத்தூள் தயாரித்தார். அகமதாபாத்தில் மிதிவண்டியில் வீடு வீடாகச் சென்று தாமே விற்றார். சந்தையில் முன்னணித் தூள் கிலோ ஏறத்தாழ 13 ரூபாய்க்கு விற்றபோது, அவர் கேட்டது ஏறத்தாழ 3 ரூபாயே. மகளின் பெயரைத் தழுவி அவர் சூட்டிய ‘நிர்மா’ என்னும் பெயர் பின்னர் நாடெங்கும் பரவியது.

வாசலில் நின்று விற்பவருக்கு, இல்லத்தரசியால் எவ்வளவு கொடுக்க இயலும் என்பதும் பொருளின் குறை என்ன என்பதும் நேரடியாகத் தெரிந்துவிடும். விற்பனை என்பது பேச்சுத் திறன் மட்டுமன்று. செவிமடுக்கும் திறனும் ஆகும். மறுப்பைக் கேட்டு மனம் தளராமை, சொன்ன நாளில் சொன்னதைச் செய்தல் ஆகிய பண்புகளையும் அது வளர்க்கிறது. இவை அலுவலகத்திலும் இல்லத்திலும் ஒருவரை உயர்த்துபவை.

கடன் விண்ணப்பத்திற்கு முன், உறவினர் அல்லாத பத்துப் பேரிடம் உங்கள் பொருளை விற்றுப் பாருங்கள். வாங்க மறுத்தவர் கூறிய காரணங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். திட்ட அறிக்கையின் மிகப் பயனுள்ள பக்கம் அதுவாகவே இருக்கும்.