குளுக்கோமீட்டரின் கடிகாரத்தையும் கவனியுங்கள்

வீட்டில் இரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர் ஒரு பதிவேடும் ஆகும். ஒவ்வோர் அளவையும் தேதி, நேரத்துடன் அது சேமித்து வைக்கிறது. இன்சுலின் அளவை மாற்றுவதற்கு முன் நாங்கள் அந்தப் பதிவுகளைப் பார்க்கிறோம்.

எங்களிடம் வந்த ஒருவரின் கருவியில், அதிகாலை 3 மணிக்குச் சர்க்கரை 62 எனப் பதிவாகியிருந்தது. இரவு இன்சுலினைக் குறைக்க எண்ணினோம். விசாரித்தபோது, அது மதிய உணவு தாமதமான ஒரு நாளில், பிற்பகல் 3 மணிக்கு எடுத்த அளவு என்று தெரிந்தது. பேட்டரி மாற்றியபின் கடிகாரத்தை எவரும் சரிசெய்யவில்லை. இரவு மருந்தைக் குறைத்திருந்தால் காலைச் சர்க்கரை ஏறியிருக்கும். பகல்நேரத் தாழ்சர்க்கரையும் தீர்ந்திராது.

ஆகவே, பேட்டரி மாற்றியதும் அமைப்புப் பகுதியைத் திறந்து ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகியவற்றையும், முற்பகலா பிற்பகலா என்பதையும் சரிபாருங்கள். உணவுக்கு முன், பின் என்னும் குறியீடு இருப்பின் தவறாது தேர்ந்தெடுங்கள். திரை காட்டும் சராசரியை மட்டும் கொண்டு நிம்மதி அடைய வேண்டாம். 60, 240 ஆகிய இரண்டின் சராசரி 150. ஆனால் அவ்விரண்டுமே கவனிக்க வேண்டியவை.

திரையில் 'லோ' எனத் தோன்றினால் அது பழுதன்று. சர்க்கரை கருவியின் எல்லைக்கும் கீழே இறங்கியுள்ளது. நோயாளி விழிப்புடன் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியே எதுவும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 'ஹை' எனத் தோன்றினால் கைகழுவித் துடைத்து மீண்டும் அளந்து பாருங்கள். மாறாவிடில் தாமதியாது வாருங்கள்.

அடுத்த முறை வரும்போது, குறிப்பேட்டுடன் கருவியையும் மறவாமல் கொண்டுவாருங்கள்.