கணவர் ஓட்ட, மனைவி உறங்க...

பினாங்குப் பாலத்தைக் கடந்து பிறை பக்கம் இறங்கியதும், முன்னே ஊர்ந்து செல்லும் கொள்கலன் லோரியைப் பார்த்து முணுமுணுக்காதவர் குறைவு. அதை ஓட்டுகிறவர் இன்றிரவு எங்கே தூங்குவார் என்று நினைத்துப் பார்ப்பவர் அதைவிடக் குறைவு.

பட்டர்வொர்த்திலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் போனாலே ஒன்பது மணி நேரம் பிடிக்கும். சரக்கு ஏற்றவும் இறக்கவும் காத்துக் கிடக்கும் நேரம் தனி. வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு வந்து, விழிக்கும் முன் கிளம்பும் அப்பாக்கள் இந்தத் தொழிலில் உண்டு. அப்படியானால், மனைவியும் லோரியில் ஏறிவிட்டால் என்ன?

இரண்டு உரிமம், ஒரே லோரி

அமெரிக்காவில் இது பழகிப்போன ஏற்பாடு. அங்குள்ள சட்டப்படி சரக்கு லோரி ஓட்டுநர் 11 மணி நேரம் ஓட்டலாம். மறுபடியும் ஸ்டீயரிங்கைத் தொட 10 மணி நேர ஓய்வு வேண்டும். ஓட்டுநர் ஒருவர்தான் என்றால் அந்த 10 மணி நேரமும் லோரி நிற்கும். இருவர் இருந்தால் ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னாலுள்ள படுக்கையில் உறங்குவார். நாளில் 20 மணி நேரம் சக்கரம் சுழன்றால் 1,600 கிலோமீட்டர் போகலாம். அவசரச் சரக்குக்கு இத்தகைய ஜோடிகளைத் தேடுகிறார்கள். அந்தச் சிறிய அறையில் வாரக்கணக்கில் சேர்ந்து வாழ, கணவன் மனைவியைவிடப் பொருத்தமானவர் யார்?

இந்தியாவில் கேரளத்து ஏற்றுமானூரைச் சேர்ந்த ஜலஜா ரதீஷ் நல்ல உதாரணம். கனரக வாகன உரிமம் பெற்ற அவர், 2022-இல் கணவர் ரதீஷுடன் பெரும்பாவூரிலிருந்து பிளைவுட் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, காஷ்மீர் வரை போய் வந்தார். வழியில் சமையல்கூட லோரியிலேயே. அந்தப் பயணங்களைக் காணொளியில் பார்த்து ரசிப்பவர்கள் ஏராளம். ஆனால் காணொளியில் தெரியாத பக்கமும் இந்த வாழ்க்கைக்கு உண்டு.

தூக்கம்தான் மூலதனம்

ஓடும் லோரியில் தூங்குவது வீட்டுத் தூக்கமாகாது. ஒவ்வொரு பிரேக்கும், ஒவ்வொரு பள்ளமும் உலுக்கும். திடீரென்று நிறுத்தினால் படுத்திருப்பவர் தூக்கி எறியப்படலாம். அதனால்தான் அமெரிக்கச் சட்டம் படுக்கைக்கும் பாதுகாப்புப் பட்டை கேட்கிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், மது அருந்தியவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினர். விடியற்காலை இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை கண் தானாகவே சொக்கும். "இன்னும் கொஞ்சம் போய்விடலாம்" என்று கணவர் சொல்லும்போது, "நிறுத்துங்க, நான் ஓட்டுறேன்" என்று சொல்ல மனைவிக்கு உரிமம் வேண்டும், துணிச்சலும் வேண்டும்.

பணக் கணக்கும் அப்படித்தான். இரண்டு சம்பளமும் ஒரே வீட்டுக்கு வருவது இலாபம். ஆனால் லோரி பட்டறையில் நின்றால் இரண்டு சம்பளமும் ஒன்றாகவே நிற்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகும் மனபாரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

துணையா, தொழிலாளியா?

நம் நாட்டில் கவனிக்க வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. சொந்த லோரி வைத்திருப்பவர் மனைவியைக் கெலிண்டானாக அழைத்துப் போனால் கூலி மிச்சம் என்று நினைக்கலாம். கயிறு கட்டுவது, சரக்கைச் சரிபார்ப்பது, ரசீது வாங்குவது, பின்னால் வண்டி வருகிறதா என்று இறங்கிப் பார்ப்பது என்று எல்லாம் அந்த அம்மாள் செய்வார். விபத்து என்று வந்தால் மட்டும், "சும்மா கூட வந்தவர்" ஆகிவிடுவார்.

முதலாளியின் மனைவி சொக்சோவில் சேர முடியாது என்ற நிலை 2018 ஜூலையில் மாறிவிட்டது. கணவரின் தொழிலில் சம்பளத்துக்கு வேலை செய்தால் அவரையும் பதிவு செய்யலாம். 2022 டிசம்பரில் தொடங்கிய இல்லத்தரசிகள் திட்டம் ஆண்டுக்கு 120 வெள்ளிதான். ஆனால் அது வீட்டு வேலையை மனத்தில் வைத்து வந்தது; லோரி வேலைக்கு அதையே நம்பியிருக்க முடியாது.

ஸ்டீயரிங் பிடிக்க விரும்பும் மனைவிக்குக் கனரக வாகனத்துக்கான 'இ' உரிமமும், சரக்கு வாகனத்துக்கான ஜி.டி.எல். உரிமமும் தேவை. சம்பளச் சீட்டும், சேமநிதியும் அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

அடுத்த முறை தாப்பா ஓய்விடத்தில் லோரியிலிருந்து ஒரு தம்பதி இறங்கி ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவதைப் பார்த்தால், பாசமான காட்சி என்று புன்னகை செய்வோம். கூடவே ஒன்றையும் நினைத்துக்கொள்வோம்: அங்கே சாப்பிடுபவர்கள் இருவரும் உழைப்பாளிகள். இருவர் பெயரும் ஏட்டில் இருக்க வேண்டும்.