இடிப்பதா, பழுதுபார்ப்பதா?

'கோயில் பழசாகிவிட்டது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம்' என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. மழைக்கு ஒழுகும்போது அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கிறோமா?

பழைய ஆலயங்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தவை. மணலோடு சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசினார்கள். சுண்ணாம்புச் சுவர் தன்னுள் இறங்கிய ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். நாமோ வெடிப்பைக் கண்டதும் சிமெண்டை அப்பி, மேலே பளபளக்கும் பெயிண்டையும் அடிக்கிறோம். ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடிகிறது. பிறகு சுவர்மேல் பழி போடுகிறோம்! பெரும்பாலும் வேலை கூரையில்தான் தொடங்க வேண்டும்: அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், விரிசலில் வேர்விட்ட அரசங்கன்று. கன்றை மேலோடு வெட்டினால் அடுத்த மழைக்கே துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும்.

சென்னை சாந்தோம் பேராலயத்தைப் பாருங்கள். போர்த்துக்கீசியர் கட்டிய பழைய ஆலயத்தை இடித்துத்தான் இன்றைய கோதிக் பாணி ஆலயம் எழுந்தது. 1896-இல் அது அர்ச்சிக்கப்பட்டது. ஆக, இடித்துக் கட்டுவது திருச்சபையில் இல்லாத வழக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் நூறாண்டுக்குப் பின், 2004-ஆம் ஆண்டையொட்டி, இடிக்காமல் புதுப்பித்தார்கள். புனித தோமாவின் கல்லறையைக் காண வருவோரால் திருப்பலிக்கு இடையூறு நேராதபடி, நிலத்தடிச் சிற்றாலயத்துக்கு வெளியிலிருந்தே தனி வழி அமைந்தது. பழையதைக் காப்பது என்றால் ஆலயத்தை அருங்காட்சியகமாக்குவது அல்ல. அங்கே திருப்பலி நடக்க வேண்டும், குழந்தைகள் ஞானஸ்நானம் பெற வேண்டும். 2019-இல் தீப்பற்றிய பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் கூரையும் மறுபடி ஓக் மரத்திலேயே எழுந்தது; 2024 டிசம்பரில் அங்கே வழிபாடு திரும்பியது.

ஆலயத்தைக் கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் வல்லுநரின் ஆலோசனை பெற்று, திருவழிபாட்டு நெறிகளைக் காக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1216. ஒப்பந்தக்காரர் சொல்வதே முடிவாகாது.

இனி பணம். யோசியா அரசர் எருசலேம் கோவிலைப் பழுதுபார்த்த செய்தி 2 அரசர்கள் 22-ஆம் அதிகாரத்தில் உள்ளது. மக்கள் கொடுத்த வெள்ளி தச்சர், கொத்தர் கைக்குப் போனது. அவர்கள் நேர்மையாய் நடந்ததால் கணக்குக் கேட்கப்படவில்லை. நாம் கணக்கை ஆலய வாசலில் எழுதிப் போட்டுவிடுவது நல்லது. பாதிச் சண்டை வராது. அந்த வேலை நடந்த நாள்களில்தான் தலைமைக் குரு இல்க்கியா திருச்சட்ட நூலைக் கோவிலில் கண்டெடுத்தார்.

கணியம்பாடிப் பக்கம் சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் இன்னும் இருக்கிறாரா என்று இந்த வாரமே விசாரிப்போம்.