பட்டம் துறந்த பிரபு

பிறப்பினால் வாய்க்கும் பெருமை ஒருவனை உயர்த்துவதைப் பற்றியே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். அப்பெருமையே அவனுடைய வழியை மறித்து நிற்கவும் கூடும் என்பதற்கு, 1963-ஆம் வருஷம் பிரிட்டனின் பிரதம மந்திரியான ஸர் அலெக் டக்ளஸ்-ஹியூமின் சரித்திரத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

ஸ்காட்லாந்தின் தென் எல்லையில் பெரும் நிலங்களை ஆண்டுவந்த ஹியூம் வம்சத்தின் மூத்த வாரிசாக 1903-இல் பிறந்த அவர், ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் கல்வி கற்று, முதல் தர கிரிக்கெட் ஆடிய ஒரே பிரிட்டிஷ் பிரதமர் என்று பின்னாளில் பெயர் பெறும் அளவுக்குப் பந்தாட்டத்திலும் தேர்ந்திருந்தார். 1931-இல் லானார்க் தொகுதியில் வென்று காமன்ஸ் சபையில் அமர்ந்தவர், பிரதமர் சேம்பர்லினின் பாராளுமன்றக் காரியதரிசியாகி, 1938-இல் ஹிட்லரோடு உடன்படிக்கை செய்துகொள்ள அவர் மியூனிக் நகரத்துக்குச் சென்றபோது உடன் சென்றார். 1940-இல் முதுகெலும்பில் க்ஷயரோகம் கண்டது. ஏறக்குறைய இரண்டு வருஷ காலம் மாவுக்கட்டுக்குள் அசையவும் இயலாமல் கிடந்த அந்தப் பிரபு குமாரர், படுத்தபடியே படித்துத் தீர்த்த நூல்களுள் மார்க்ஸின் ‘மூலதன’மும் ஒன்று.

1945-இல் இழந்த தொகுதியை 1950-இல் அரும்பாடுபட்டு மீட்டார். மறு வருஷமே தந்தை காலமானார். பதினான்காவது ஏர்ல் என்ற பட்டம் அவர் கேளாமலே வந்து சேர, அதன் உடன்விளைவாகக் காமன்ஸ் சபை ஸ்தானம் பறிபோயிற்று. ஏனெனில், பிரபுக்கள் சபைக்கு உரியவர் மக்கள் சபையில் அமரலாகாது என்பதும், பட்டத்தை வேண்டாம் என்று உதறுவதற்கும் வழியில்லை என்பதும் அன்றைய சட்டம். பிரபுக்கள் சபையிலிருந்தபடியே 1960-இல் அந்நிய நாட்டு மந்திரியாக உயர்ந்தார். ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் ஒரு பிரபு பிரதமராக முடியும் என்று யாரும் எண்ணவில்லை.

அந்தப் பூட்டைத் திறந்தவர் எதிர்க்கட்சிக்காரர் என்பதுதான் விசித்திரம். தொழிற் கட்சியைச் சேர்ந்த டோனி பென், 1960-இல் தந்தை இறந்ததும் இதே நியாயப்படி ஸ்தானத்தை இழந்தார். 1961-இல் உபதேர்தலில் நின்று வென்றும் தேர்தல் நீதிமன்றம் அவரை ஏற்கவில்லை. அவர் விடாது நடத்திய கிளர்ச்சியின் பயனாக 1963 ஜூலையில், பரம்பரைப் பட்டத்தை ஆயுட்காலத்துக்குத் துறக்கலாம் என்ற சட்டம் பிறந்தது. அடுத்த பொதுத் தேர்தல் சமயத்தில்தான் அது அமலாவதாக இருந்தது. உடனே அமலாகட்டும் என்று திருத்தியது பிரபுக்கள் சபையே.

அக்டோபரில் பிரதமர் மாக்மில்லன் நோயுற்றுப் பதவி விலக முடிவு செய்தார். அவரும் ஹியூமும் சார்ந்த கன்சர்வேடிவ் கட்சியில் அக்காலத்தில் தலைவருக்கு வாக்கெடுப்பு கிடையாது. பெரியவர்கள் அந்தரங்கமாக ஒவ்வொருவர் கருத்தையும் விசாரித்துச் சொல்ல, மாக்மில்லன் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ராணியிடம் ஹியூமின் பெயரைச் சொன்னார். மூத்த மந்திரியான பட்லரே அடுத்த பிரதமர் என்று நினைத்திருந்தவர்கள் திகைத்தார்கள். மாக்மில்லனின் மந்திரிகளான மக்லியோடும் ஈனோக் பவலும் புதிய மந்திரிசபையில் சேர மறுத்தார்கள். அக்டோபர் 23-இல் பட்டத்தைத் துறந்த ஹியூம், உபதேர்தலில் வெல்லும்வரை ஏறத்தாழ இரண்டு வாரம் எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லாமலே பிரதமராக இருந்தார்.

பொருளாதார விவரங்களைப் புரிந்துகொள்ளத் தீக்குச்சிகளை அடுக்கிப் பார்ப்பதுண்டு என்று முன்பொரு முறை அவர் வெள்ளையாகச் சொன்னதை எதிர்க்கட்சி கேலிக்கு இலக்காக்கியது. பதினான்காவது ஏர்ல் என்று தொழிற் கட்சித் தலைவர் ஹரால்ட் வில்ஸன் பரிகசித்தபோது மட்டும், யோசித்துப் பார்த்தால் அவரும் பதினான்காவது வில்ஸனாகத்தானே இருப்பார் என்று ஹியூம் அமைதியாகத் திருப்பிக் கொடுத்தார். 1964 தேர்தலில் தொழிற் கட்சி நான்கே ஸ்தானப் பெரும்பான்மையில் வென்றது. ஒரு வருஷம் நிறைவதற்குள் அவருடைய பிரதமர் பதவி முடிந்தது.

அந்தரங்க ஆலோசனையால் தலைவரான அவரே, 1965-இல் எம்.பி.க்கள் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை ஏற்படுத்திவிட்டு விலகினார் என்பதில்தான் அவருடைய பெருந்தன்மை விளங்குகிறது. அவ்விதிப்படி கட்சித் தலைவராக வந்த எட்வர்ட் ஹீத் பின்னர் பிரதமரானதும், அவர் கீழ் மீண்டும் அந்நிய நாட்டு மந்திரியாகி, 1971-இல் உளவுக் குற்றச்சாட்டின் பேரில் 105 சோவியத் அதிகாரிகளை வெளியேற்றினார். 1974-இல், வாரிசுக்குச் செல்லாத ஆயுட்காலப் பட்டம் பெற்றுப் பிரபுக்கள் சபைக்குத் திரும்பினார்.

1995-இல் அவர் மறைந்ததும், துறந்த பரம்பரைப் பட்டம் மகனைச் சேர்ந்தது. ஆனால் 1999-இல் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரைச் சபையிலிருந்து நீக்கும் சட்டம் வந்தபோது, பதினைந்தாவது ஏர்லும் தம் ஆசனத்தைத் தக்கவைத்துக்கொள்ள வாக்குக் கேட்டு வெல்லவேண்டியிருந்தது.