குருப்பட்டம் பறிபோகுமா?

குரு ஒருவர் குருநிலையிலிருந்து விலக்கப்பட்டால், ‘பட்டம் பறிக்கப்பட்டது’ என்கிறோம். இச்சொல் பொருத்தமானதன்று. முறைப்படி பெற்ற குருத்துவம் ஒருபோதும் செல்லாததாகிவிடாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 290-ஆம் விதி கூறுகிறது. அவர் இழப்பவை குருநிலைக்குரிய உரிமைகளும் கடமைகளுமே. திருப்பலி நிறைவேற்றும் உரிமை அவருக்கு இல்லை. மணத்துறவுக் கடமையோ திருத்தந்தை விலக்களித்தாலன்றி நீங்காது.

தண்டனையாக நீக்கப்படுவோர் உண்டு. தாமே விண்ணப்பித்து விடுவிக்கப்படுவோரும் உண்டு. இருசாராரையும் ஒரே சொல்லால் இகழ்வது நீதியாகாது. மேலும், சாகுந்தறுவாயில் இருப்பவருக்கு இத்தகையவரும் பாவமன்னிப்பு வழங்கலாம் என்கிறது 976-ஆம் விதி. திருச்சபையே அவரில் குருத்துவத்தைக் காணும்போது, நாம் அவரையும் அவர்தம் பெற்றோரையும் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா? அவர்களுக்காகச் செபிப்போமாக.