ஒண்ணாப்பு டீச்சருக்கு ஒரு மாதம் கொடுங்கள்

ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். ஒண்ணாம் வகுப்பில் டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து "சண்முகசுந்தரம்" என்கிறார். பதில் இல்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிடுகிறார். அப்போதும் இல்லை. பையன் இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். அது தன் பெயர் என்று அவனுக்குத் தெரியாது.

நெல்லைச் சீமையில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது பழைய வழக்கம். மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். அதனால் பிள்ளை வீட்டில் 'ஐயா' ஆகிவிடுவான், 'ராசா' ஆகிவிடுவான். ஐந்து வயது வரை அவனைப் பொறுத்தமட்டில் சண்முகசுந்தரம் என்பது சுவரில் மாலை போட்டிருக்கும் படத்தின் பெயர். இப்போது புதுப்புதுப் பெயர்கள் வந்துவிட்டாலும் வீட்டில் ஒரு பெயர், பதிவேட்டில் ஒரு பெயர் என்பது மாறிவிடவில்லை.

அனுபவப்பட்ட டீச்சர் அந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு வாசலுக்குப் போவார். அங்கே நிற்கிற ஆச்சியிடம், "வீட்ல இவன எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்பார். "செல்லையான்னுதான் டீச்சர் கூப்பிடுவோம்" என்று ஆச்சி சொன்னதும் பதிவேட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். திரும்பி வந்து "செல்லையா" என்று கூப்பிட்டால் பையன் நிமிர்ந்து பார்ப்பான். அவன் அந்தப் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகப் பார்க்கிற முகம் அந்த டீச்சருடையது. அவசரக்காரர் என்றால் 'ஆப்சென்ட்' போட்டுவிட்டு 'அ'னா எழுதப் போய்விடுவார். ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பிடித்துப்போவதும் பிடிக்காமல் போவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான் முடிவாகிறது என்று நான் நம்புகிறேன்.

இதே நெல்லைச் சீமையில் இருக்கும் பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர். பெருமை பேசுகிறவர்கள் கல்லூரிகளைத்தான் சொல்வார்கள். எனக்கு இந்த ஊரின் பெருமை இரண்டு சிறப்புப் பள்ளிகளில் இருக்கிறது. பார்வையற்ற பிள்ளைகளுக்காக ஆன் ஜேன் ஆஸ்க்வித் 1890இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதே 1890களில் பிளாரன்ஸ் சுவைன்சன் காது கேளாத பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் நடத்த ஆரம்பித்தார். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிப் பெண்கள். இரண்டு பள்ளிகளும் இன்றும் நடக்கின்றன.

காது கேளாத ஒரு பிள்ளை பள்ளிக்கு வருகிற முதல் நாளை நினைத்துப் பாருங்கள். காது கேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரின் பெற்றோருக்குக் காது நன்றாகக் கேட்கும். அதனால் வீட்டில் சைகை மொழி இருக்காது. அம்மா தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அந்தப் பிள்ளையின் காதில் விழுந்ததே இல்லை. இந்த நிலையில் டீச்சர் எந்தப் புத்தகத்தைத் திறக்க முடியும்? முதலில் பிள்ளை அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கச் சொல்லிக் கத்த முடியாது. கிட்டே போய்க் குனிந்து, தோளைத் தொட்டு, கண்ணுக்குக் கண் பார்த்து, சிரித்துத்தான் தொடங்க முடியும். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அத்தோடு பாடம் முடிந்தது.

பிறகு பிள்ளைக்குச் சைகையில் ஒரு பெயர் கிடைக்கும். கன்னத்தில் குழி விழுந்தால் அங்கே ஒரு விரல். புருவத்தில் தழும்பு இருந்தால் அதைத் தொட்டுக் காட்டும் ஒரு அசைவு. உலகம் முழுக்கக் காது கேளாதோர் மத்தியில் இந்த வழக்கம் உண்டு. அப்படி ஒரு பெயரை வைக்க வேண்டுமென்றால் அந்த முகத்தை ஒருவர் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். காது கேட்கிற நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எத்தனை முகங்களை நாம் அப்படிப் பார்த்திருக்கிறோம்?

பிள்ளையின் முகம் பார்க்கும் இந்தத் திசையில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் சில நல்ல அடிகளை எடுத்து வைத்திருக்கின்றன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் டீச்சர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். கரும்பலகையும் பிள்ளை கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது. அந்தத் திட்டத்தின் பாட அட்டைகளைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். அந்தப் பாயைப் பற்றி நான் குறையே சொல்லமாட்டேன். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பாட்டையும் ஆட்டத்தையும் வகுப்புக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2024இல் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் 2025இல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. உதவி பெறும் பள்ளிகள் நிறைந்த பாளையங்கோட்டைக்கு இது பெரிய காரியம். கிச்சடித் தட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் டீச்சரும் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும், வீட்டுக் கதை முழுக்க வந்துவிடும். அம்மா ராத்திரி எத்தனை மணி வரை பீடி சுற்றினாள் என்பதுகூட.

கதை கேட்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். "நீ எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளை?" என்பது வேறு ஊரில் சாதாரணக் கேள்வி. இங்கே பல கிராமங்களில் தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வெறியால் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியும் குறிப்பு கூடாது, பிள்ளைகளை அகரவரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. அத்தனையும் சரி. ஆனால் பதினாறு வயதில் கயிற்றை அவிழ்ப்பது கஷ்டம். ஐந்து வயதில் இரண்டு பிள்ளைகளைக் கைகோத்து விளையாட வைப்பது சுலபம். அந்த வேலை ஒண்ணாப்பு டீச்சர் கையில்தான் இருக்கிறது.

அவருக்கு நேரம் எங்கே? அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இருவர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் தனியாள். பிள்ளை அழுதுகொண்டிருக்கிற அதே ஜூனில்தான் சேர்க்கை விவரம், புத்தக விநியோகம், எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளப் பதிவு எல்லாம் வந்து குவிகின்றன. பதிவு வேலையைக் குறையுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் பல காலமாகக் கேட்டுவருகின்றன.

கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் சிறியது. வருகிற ஜூன் மாதம் முழுக்க, ஒண்ணாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்குப் பயிற்சியும் வேண்டாம், எமிஸ் பதிவும் வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்குத் தனி நிதி ஒதுக்க வேண்டியதில்லை.